பழைய மாணவரும் தேகாப்பியாசமும்

ஆண்டுதோறும் நம் கல்லூரி மைதானத்தில் நிகழும் பழைய மாணவர், இன்றைய மாணவர் துடுப்பாட்டப் போட்டியைக் கண்டு களியாதார் இலர். ஒருகாலத்திற் பந்துவீச்சிற் பெயர் பெற்றிருந்தவர் மூன்றாவது ஓவரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், எல்லைக்கோட்டை நோக்கி உருளும் பந்தை நம்மவர் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே போகவிடுவதும், மாணவர் கொட்டகையினின்றும் எழும் சிரிப்பும் அந்நாளின் பிரிக்கவொண்ணாப் பகுதிகளாகிவிட்டன. நாமும் சிரித்தவர்களே; சிரிப்புக்கு ஆளானவர்களுமாவோம். ஆயினும், சென்ற முறை மதிய போசனத்தின்போது வேறொரு காட்சி கண்டோம். ஒரே மேசையில் எம் வகுப்புத் தோழர் எழுவர் அமர்ந்திருந்தோம். சோறு பரிமாறுமுன்னர் ஐவர் தத்தம் சட்டைப் பையினின்றும் சிறு பெட்டிகளை எடுத்து மாத்திரை விழுங்கினர். ஆறாமவர் நாமே. எஞ்சிய ஒருவர், "நான் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை" என்றார். அப்பொழுது எவரும் சிரித்திலர்.

யூபிலி மலர் என்றாற் சாதனையாளர் பட்டியல் இல்லாது அமையாது. நீதிபதிகள், வைத்தியர்கள், பொறியியலாளர், பேராசிரியர் என நீளும் அப்பட்டியல் இம்மலரிலும் இடம்பெறும், இடம்பெறுதல் வேண்டும். மலரின் பின்பக்கங்களில் அமரரானோர் பட்டியலும் ஒன்று வரும். அதனை ஆறுதலாக இருந்து வாசிப்பவர் சிலரே. போரும் விபத்தும் கொண்டுபோனவர் ஒருபுறமிருக்க, ஐம்பதிலும் ஐம்பத்தைந்திலும் மாரடைப்பாலும் சலரோகத்தின் விளைவான சிறுநீரக நோயாலும் மறைந்தவர் அதில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். அவர்களைப் பற்றிப் பேசும்போது "விதி" என்று கூறி நாம் அமைந்துவிடுகின்றோம். அவ்விதியின் ஒரு பகுதி நெற்றியில் எழுதப்பட்டதன்று, நாற்காலியில் எழுதப்பட்டது என்பதே ஈண்டு நாம் கூற விழையும் கருத்து.

எம் தந்தையார் காலத்து மாணவன் மூன்று நான்கு கட்டை தூரம் நடந்து கல்லூரிக்கு வந்தான். காலையிற் புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதித்துவிட்டு வந்தவர்களும் உளர். மாலையிற் கிளித்தட்டு அல்லது உதைபந்தாட்டம். அவனுக்குத் தேகாப்பியாசம் என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையே அதுவாக இருந்தது. எம் காலத்திலே துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. படித்தவன் கந்தோருக்குப் போனான். கந்தோர் உத்தியோகத்தின் பெருமையே வெயிலிற் போகாமலும் பாரம் தூக்காமலும் இருப்பதுதான் என்று நம் தாய்மார் கருதினர். அவர்களை நாம் குறைகூறோம். தாம் பட்ட பாட்டைப் பிள்ளைகள் படலாகாது என்றே அவர்கள் எண்ணினர். எனினும், பிள்ளையின் உடம்பு அந்தப் பெருமையை விளங்கிக்கொள்ளவில்லை.

1990களிற் பொருளாதாரத் தடையினால் எரிபொருளின்றி யாழ்ப்பாணம் முழுவதும் துவிச்சக்கர வண்டியில் ஏறிற்று. அதிபரும் வைத்தியரும் கோவிற் குருக்களும் மிதித்தே சென்றனர். அக்காலம் மீண்டும் வருக என்று எவரும் வேண்டார், நாமும் வேண்டோம். ஆனால் 2009இன் பின்னர் வீதிகள் அகன்று, வீட்டுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்கத் தொடங்கியபோது, சந்திக் கடைக்கு அரை இறாத்தல் பாண் வாங்கவும் அவற்றிலே போகப் பழகினோம். மிதிவண்டி சுவரோடு சாய்ந்து துருவேறிற்று. கடல் கடந்து சென்ற நம் தோழர் நிலையும் வேறன்று. குளிர் நாட்டில் வீட்டினின்றும் காருக்கும், காரினின்றும் வேலைத்தலத்துக்குமாக அவர்தம் நடை முடிந்துவிடுகின்றது.

இந்நாட்டில் இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் சலரோகம் உடையவர் என 2008இல் வெளிவந்த தேசிய ஆய்வொன்று கண்டது. நகர்ப்புறத்தில் அத்தொகை நூற்றுக்குப் பதினாறைத் தாண்டிற்று. கிராமப்புறத்தில் ஒன்பதை எட்டவில்லை. ஒரே நாடு, ஒரே சோறு, ஒரே குருதி. ஆயினும் நகரத்தான் கிராமத்தானைப் போல் ஏறக்குறைய இருமடங்கு நோயைச் சுமக்கின்றான். வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல கூறலாம். உட்கார்ந்திருத்தல் அவற்றுள் முதல் வரிசையில் நிற்பது.

உட்கார்ந்திருப்பவன் உடம்பில் நிகழ்வது யாது? நாம் உண்ட சோறும் புட்டும் இடியப்பமும் குளுக்கோசாக மாறிக் குருதியிற் கலக்கின்றன. சதையி சுரக்கும் இன்சுலினின் ஏவலால் அதன் பெரும்பகுதி தசைகளுக்குள்ளே சென்று சேர்கின்றது. தசையே நம் உடம்பின் பெரிய கொம்பறை. கொம்பறையில் உள்ள நெல்லைக் குத்திச் சமைத்து உண்டால் அன்றோ அடுத்த போகத்து நெல்லுக்கு இடம் உண்டாகும்? அசையாத தசை தன் இருப்பைச் செலவிடுவதில்லை. நிரம்பிய கொம்பறையில் மேலும் கொட்ட முனைந்தாற் கதவு திறக்க மறுக்கின்றது. கொழுப்பும் தசையிலும் ஈரலிலும் படிந்து இன்சுலினின் சொல்லைக் கேளாமற் செய்கின்றது. சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சில ஆண்டுகள் நிலைமையைச் சமாளிக்கும். அவ்வாண்டுகளில் நமக்கு ஒரு வருத்தமும் தெரியாது. வயிறு மட்டும் பருக்கும். பின்னர் ஒருநாட் சதையி களைத்துவிடும். அந்நாளையே நாம் "எனக்குச் சலரோகம் வந்த நாள்" என்கின்றோம். உண்மையில் அது வந்து பத்தாண்டு ஆகியிருக்கலாம்.

வைத்தியர்கள் ஐந்து அடையாளங்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கின்றனர்: பருத்த இடுப்பு, ஏறிய குருதிச் சீனி, ஏறிய குருதி அமுக்கம், ஏறிய ரைகிளிசரைட்டு, குறைந்த நல்ல கொலஸ்ட்ரோல். இவற்றுள் மூன்று இருந்தால் அனுசேபக் கோளாறு உளது எனக் கொள்வர். தென்னாசிய ஆண்மகனுக்கு இடுப்பு 90 சதமமீற்றரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டுதல் ஆகாது. வெள்ளையருக்கு விதித்த அளவிலும் இது குறைவு. நம் இனத்தவர்க்கு மெலிந்த தோற்றத்திலேயே இந்நோய் பிடிப்பதே காரணம். "நான் மெலிவு தானே" என்று ஆறுதல் அடைவோர் இதனைக் குறித்துக்கொள்க.

இனி, அசைவதால் விளைவது என்ன? தசை சுருங்கி விரியும்போது குளுக்கோசை உள்ளே எடுக்கும் வாயில்கள் இன்சுலினின் ஏவலை எதிர்பாராமலே திறக்கின்றன. இன்சுலினுக்குப் பணியாத உடம்பிலும் இது நிகழ்கின்றது என்பதே இதன் அருமை. நடந்து முடிந்த பின்னரும் ஒன்றிரண்டு நாட்களுக்குத் தசை இன்சுலினின் சொல்லை முன்னிலும் நன்றாகக் கேட்கும். அதன்பின் மறந்துவிடும். ஞாயிறு மட்டும் மூன்று மணி நேரம் ஓடிவிட்டு ஆறு நாள் அமர்ந்திருப்பவனிலும், நாளும் அரைமணி நடப்பவன் குருதிச் சீனியை நன்கு அடக்குவான் என்பதற்கு இதுவே காரணம். இரு நாளுக்குமேல் இடைவிடலாகாது என வைத்தியர் கூறுவதும் இதுபற்றியே. கிழமைகள் செல்லச் செல்ல ஈரலிற் படிந்த கொழுப்புக் கரையும், குருதி அமுக்கம் சில புள்ளிகள் இறங்கும், ரைகிளிசரைட்டுக் குறையும். நிறை காட்டும் பொறியில் முள் அசையாதபோதும் இவை நிகழ்வதுண்டு. நிறை குறையவில்லையே என மனம் சோர்ந்து நடையைக் கைவிட்ட நண்பர் பலரை நாம் அறிவோம். அவர்கள் தவறான முள்ளைப் பார்த்தனர்.

பழைய மாணவர் மலரில் எழுதுகின்றோமாதலின், பழைய மாணவரையே ஆராய்ந்த இரு ஆராய்ச்சிகளைக் குறிப்பிடாது விடுதல் முறையன்று. அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பயின்று வெளியேறியோர் ஏறக்குறைய பதினேழாயிரம் பேரை ரால்ப் பபன்பாகர் என்னும் அறிஞர் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 1978இலும் 1986இலும் முடிவுகளை வெளியிட்டார். மாடிப்படி ஏறியும் நடந்தும் விளையாடியும் வந்தவர் நீண்டகாலம் வாழ்ந்தனர் என்பது எதிர்பார்த்ததே. எதிர்பாராத செய்தி மற்றொன்று. மாணவராக இருந்தபோது பல்கலைக்கழக அணிகளில் ஆடிப் புகழ் பெற்றவர்கள், பின்னாளில் அசையாதிருந்தால், அப்புகழ் அவர்களது இருதயத்தைக் காக்கவில்லை. இளமையில் ஒருபோதும் விளையாடாதிருந்து பிற்காலத்தில் நடக்கத் தொடங்கியவனே நலம் பெற்றான். நம் கல்லூரியின் வெற்றிக் கேடயங்களில் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் இதனை இருமுறை வாசிப்பார்களாக. அரசாங்கம் பழைய சேவைக்கு இளைப்பாற்றுச் சம்பளம் தருகின்றது. உடம்பு தருவதில்லை.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துப் பழைய மாணவர் ஏறக்குறைய ஆறாயிரம் பேரைப் பற்றிய ஆராய்ச்சி 1991இல் வெளிவந்தது. கிழமைக்கு ஐந்நூறு கலோரி கூடுதலாக உடலுழைப்பிற் செலவிட்ட ஒவ்வொரு படிக்கும் சலரோகம் பிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு வீதம் குறைந்தது. பருத்த உடலும் உயர்ந்த குருதி அமுக்கமும் பெற்றோர் வழி நோயும் உடையவர்க்கே நன்மை மிகுதியாயிற்று. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு, நடந்து என்ன பயன் என்பார்க்கு விடை அதிலேயே உளது.

லண்டன் மாநகர பஸ்களைப் பற்றிய கதை பலரும் அறிந்ததே. 1953இல் ஜெரமி மொறிஸ் என்னும் வைத்தியர், இருந்தபடி வண்டி ஓட்டிய சாரதிகளைவிட, இருமாடி பஸ்சில் நாள்தோறும் அறுநூறு படி ஏறியிறங்கிச் சீட்டு விற்ற நடத்துநருக்கு இருதய நோய் குறைவெனக் கண்டார். உடலுழைப்பின் நலத்தை எண்ணிக்கையால் நிறுவிய ஆராய்ச்சிகளுள் அது முன்னோடி. அதே லண்டனில் இன்று நம் பழைய மாணவர் பலர் மின்தூக்கிக்காகக் காத்து நிற்கின்றனர்.

எமக்குப் பெரிதும் ஊக்கம் அளித்தது டலஸ் நகரத்து ஆராய்ச்சி. 1966இல் இருபது வயதுடைய நலமிக்க இளைஞர் ஐவரை மூன்று கிழமை படுக்கையிலேயே கிடத்தினர். எழுந்தபோது அவர்தம் உழைக்கும் ஆற்றல் பெரிதும் வீழ்ந்திருந்தது. முப்பதாண்டின் பின்னர் அதே ஐவரையும் தேடிப்பிடித்துச் சோதித்தனர். ஐம்பது வயதில், உடம்பிற் கொழுப்பு இருமடங்காகிய நிலையிலும், முப்பதாண்டு மூப்பினால் அவர்கள் இழந்த ஆற்றல், இருபது வயதில் மூன்று கிழமைப் படுக்கையால் இழந்ததிலும் குறைவாகவே இருந்தது! படுக்கை மூப்பிலும் கொடிது போலும். பின்னர் ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், மிதிவண்டி என மெல்ல மெல்லப் பயிற்றினர். மூப்பினால் இழந்த மூச்சாற்றல் முழுவதும் மீண்டது. நிறையோ சிறிதளவே குறைந்தது. ஐவர் என்பது சிறிய தொகைதான். ஐவரும் நம் வயதினர் என்பதை மறவற்க.

சலரோகத்தின் வாயிலில் நிற்பவரை நடை தடுத்து நிறுத்துமா என்பதைச் சீன தேசத்து டாச்சிங் நகரில் 1986இல் 577 பேரைக் கொண்டு ஆராயத் தொடங்கினர். ஆறாண்டில், ஒன்றும் செய்யாது விடப்பட்டோரில் நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பேர் நோயாளராயினர்; தேகாப்பியாசம் மட்டும் மேற்கொண்டோரில் நாற்பத்தொருவர். அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி, கிழமைக்கு 150 நிமிட உழைப்பும் உணவுக் கட்டுப்பாடும் நோயை நூற்றுக்கு 58 வீதம் குறைத்தன என்றும், மெற்போமின் மாத்திரை 31 வீதமே குறைத்தது என்றும் கூறிற்று. நமக்கு மிக அண்மையது 2006இற் சென்னையினின்றும் வெளிவந்தது. வைத்தியர் ஏ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் 531 பேரை ஆராய்ந்தனர். மூன்றாண்டில், வாளாவிருந்தவருள் நூற்றுக்கு ஐம்பத்தைவர் நோயுற்றனர். நடந்தும் உணவைத் திருத்தியும் வாழ்ந்தவருள் முப்பத்தொன்பதின்மர். மாத்திரை உண்டோர் நிலையும் ஏறக்குறைய அதுவே. இதில் இரு செய்திகள் உள. நம் போன்ற உடம்பில் நோய் விரைந்து பாய்கின்றது. அமெரிக்கர் பெற்ற அளவு நன்மையை நாம் எதிர்பார்த்தல் ஆகாது. எனினும், செலவில்லாத நடை விலை கொடுத்து வாங்கும் மாத்திரைக்கு ஈடாக நின்றது.

எம் சொந்த அநுபவத்தையும் கூறிவிடுகின்றோம். நாற்பத்தெட்டாம் வயதில் எமக்குச் சலரோகம் என்றனர். வைத்தியர் நடக்கச் சொன்னார். நாம் தலையாட்டிவிட்டு இரண்டாண்டு நடக்கவில்லை. எம் துணைவியார்தாம் ஒருநாள் மோட்டார் சைக்கிளின் திறப்பை ஒளித்துவைத்தார். சந்தைக்கு நடந்தோம், கோபத்தோடு நடந்தோம். இன்று ஏழாண்டாக நடக்கின்றோம். மாத்திரை நிற்கவில்லை, ஆனால் இரண்டு ஒன்றாயிற்று. சோறு உண்டபின் கால்மணி நேரம் வளவைச் சுற்றுவது, உறங்குமுன் உண்டு படுப்பதிலும் எத்துணை நன்று என்பதை விரல் நுனிக் குருதியே எமக்குக் காட்டிற்று.

தேகாப்பியாசத்தை மந்திரம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் நடந்துவிட்டு இரண்டு வடையும் சீனித் தேநீரும் உண்டால் நடந்தது வீண். வைத்தியர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்துவோர் பேதையர். இன்சுலின் ஏற்றுபவரும் சில மாத்திரைகளை உண்பவரும் நடக்கையிற் சீனி திடீரென இறங்கி மயங்கி விழலாம். கையில் ஓர் இனிப்பு இருத்தல் நன்று. நெஞ்சு இறுகுமாயின் உடனே நின்று வைத்தியரை நாடுதல் வேண்டும். மற்றொன்று: நம்மவர் பலர் கோவில் வீதியில் வெறுங்காலுடன் சுற்றுவதையே தேகாப்பியாசமாகக் கொண்டுள்ளனர். சலரோகியின் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். நண்பகல் மணலின் சூடும் முள்ளும் தெரியா. சிறு கொப்புளம் காலையே கொண்டுபோனதுண்டு. வழிபாட்டுக்கு விடியலிற் செல்க. பயிற்சி நடைக்குப் பாதணி அணிக. நடையோடு கிழமைக்கு இருநாள் தசைக்கு வலுவூட்டும் வேலையும் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறி கூறுகின்றது. கிணறு இருக்கும் வீட்டார் மோட்டாரை நிறுத்தி வாளியால் அள்ளுவார்களாயின் அதற்கும் வழி பிறக்கும்.

இவ்வளவும் எழுதியது ஒரு கோரிக்கையை முன்வைத்தற்பொருட்டே. யூபிலி நினைவாக வளைவு ஒன்றும் மண்டபம் ஒன்றும் அமைக்கச் சங்கம் பணம் திரட்டுகின்றது. நாமும் எம்மால் இயன்றதைக் கொடுத்துள்ளோம். ஆனால் ஆறேழு ஏக்கர் மைதானம், பாடசாலை விட்ட கணத்தினின்றும் மறுநாட் காலை வரை பூட்டப்பட்டுக் கிடக்கின்றது. வெளியே, நடக்க விரும்புவோர் பேருந்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தெருநாய்க்கும் ஒதுங்கி ஒதுங்கி வீதியோரத்தில் நடக்கின்றனர். பெண்கள் நிலை இதனினும் இரங்கத்தக்கது. எம் சகோதரியர்க்கும் துணைவியர்க்கும் நடப்பதற்கு இவ்வூரில் இடமே இல்லை, நடந்தால் "எங்கே போகிறாய்?" என்று நூறு கேள்வி. மைதானத்தைக் காலை ஐந்து மணி முதல் ஆறரை வரையும், மாலை ஆறு முதல் ஏழரை வரையும் பழைய மாணவர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் அயலவர்க்கும் திறந்துவிடுதல் வேண்டும். நான்கு விளக்கு, ஒரு காவலாளியின் மேலதிக சம்பளம், குருதி அமுக்கம் பார்க்கும் கருவி ஒன்று, அளவுநாடா ஒன்று. வளைவின் ஒரு தூணின் செலவும் ஆகாது.

மைதானம் பழுதடையும், மாணவர் ஒழுக்கம் கெடும் என்னும் மறுப்புகளை நாம் கேட்டுள்ளோம். ஓரத்தில் நடைபாதை ஒன்று வகுத்துவிட்டால் ஆடுகளத்தை எவரும் மிதியார். ஒழுக்கத்தைப் பொறுத்தவரை, தந்தை வியர்வை சிந்தி நடப்பதைப் பார்த்து மகன் கெட்டான் என்று நாம் எங்கும் கேட்டதில்லை.

மாணவர் பற்றியும் ஒரு சொல். சாதாரண தர வகுப்பை அடைந்ததும் உடற்பயிற்சிப் பாடவேளை கணிதத்துக்குக் கடன் கொடுக்கப்படுகின்றது. அக்கடன் திரும்பி வருவதேயில்லை. மாலை முழுவதும் தனியார் கல்வி நிலையத்து வாங்கில். பதினாறு வயதில் உட்காரப் பழகியவன் நாற்பதில் எழுந்திருத்தல் அரிது. ஆசிரியப் பெருமக்கள் இதற்கு முழுப் பொறுப்பாளரல்லர். பெறுபேற்றுக்காக அவர்களை நெருக்குவோர் பெற்றோராகிய நாமே.

எதிர்வரும் பொதுக்கூட்டத்தில் மைதானத்தைத் திறத்தல் பற்றிய பிரேரணையை எழுத்து மூலம் முன்வைப்போம். வழிமொழிய ஒருவர் வேண்டும். மேசையில் எம்மோடிருந்து, இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை என்ற நண்பரை அதற்குக் கேட்டுள்ளோம். முதலிற் சோதித்துவிட்டு வருகின்றேன் என்று சொல்லிச் சென்றிருக்கின்றார்.